கண்ணகியின் சினம் எங்கே ஆறியது?

(பெரம்பலூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழங்கதை ஒன்றைப் பலர் பல காலத்தில் பல விதமாகச் சொல்லியிருக்கும்போது, அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு நமக்கு வேண்டிய அளவுகோல் எது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். இதற்கு இராமாயணத்தை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். வான்மீகியையும் கம்பரையும் எதிரெதிரே வைத்து வ. வே. சு. ஐயர் முதலான பேரறிஞர்கள் செய்த ஆராய்ச்சிகள் நமக்கு இருக்கின்றன. நான் அந்த ராஜபாட்டையை விட்டு, கண்ணகி கதையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் இந்த மண்தான். பூம்புகாரில் தொடங்கி மதுரையில் தீயாக மூண்ட அந்தக் கதை, சிலப்பதிகாரக் காவியத்தின்படி சேரநாட்டு மலையில் முடிகிறது. ஜனங்கள் சொல்லும் கதையின்படியோ, இங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் பெருஞ்சாலையில் சில மைல் தொலைவிலே இருக்கிற சிறுவாச்சூரில் வந்து முடிகிறது. காவியத்தின் முடிவுக்கும் இந்த முடிவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே என் நோக்கம்.

இப்பகுதி ஊர்களுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. அந்த நூலை அடியார்க்கு நல்லார் உரையோடும் அரும்பத உரையோடும் 1892ஆம் ஆண்டில் அச்சிட்டுத் தமிழ்நாட்டுக்குத் தந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர், தம் இளமையில் தமிழ் கற்றது இந்தப் பிரதேசத்தில்தான். அரியலூர்ச் சடகோபையங்காரும், குன்னம் சிதம்பரம் பிள்ளையும், கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்கு வழிகாட்டிய ஆசிரியர்கள். 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடையும்வரை இந்த ஊர்களின் திண்ணைகளே அவருடைய கலாசாலை. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழ்பெற்று விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களைப் பாடி ஊர் ஊராக இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். வான்மீகி சொன்னதைக் கம்பர் தமிழ் மரபுக்கு ஏற்பச் சொல்ல, கம்பர் சொன்னதைக் கவிராயர் கீர்த்தனமாக்க, கவிராயர் கீர்த்தனத்தை வேங்கடசுப்பையர் தம் கதையாக்கிச் சொல்ல, அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடபேதம் கண்டு, மூலத்தின் ஒவ்வோர் எழுத்தையும் பாதுகாத்தார். மறுகூற்றை ரசிப்பதும் மூலத்தைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

ஆயினும் ஒப்பிட முனைகிறவர்கள் பெரும்பாலும் செய்வது என்ன? ஒரு நூலை மூலம் என்று நடுவில் நாட்டிவைத்து, மற்றவை அதிலிருந்து எத்தனை முழம் விலகியிருக்கின்றன என்று அளந்து, விலகியவற்றுக்கெல்லாம் திரிபு என்றும் கொச்சை என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். கண்ணகி கதையில் இந்த முறை முதலடியிலேயே தடுக்கி விழுகிறது. ஏனெனில் சிலப்பதிகாரத்தை இயற்றிய இளங்கோவடிகளே இதைக் கேட்டுச் சொன்னவர்தாம். மலையில் வாழும் குன்றக் குறவர் தாம் கண்ட அதிசயத்தை வந்து கூறியதாகவும், மதுரையில் நிகழ்ந்ததைப் புலவர் சாத்தனார் எடுத்துரைத்ததாகவும், அதன்பிறகே தாம் காப்பியம் இயற்றத் துணிந்ததாகவும் நூலின் பதிகம் தெரிவிக்கிறது. அதற்கும் அப்பால், நற்றிணையின் 216ஆம் பாட்டிலே, வேங்கை மரத்தடியில் நின்ற, ஒரு முலையை அறுத்த திருமாவுண்ணி என்ற ஒருத்தியின் துயரக் கதை குறிப்பாக வருகிறது. அவளுக்கும் கண்ணகிக்கும் உள்ள உறவைப் பற்றி அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஆகவே மக்கள் நாவிலிருந்து காவியத்துக்கு ஏறிய கதை இது. காவியத்திலிருந்து மீண்டும் மக்கள் நாவுக்கு இறங்கியதில் வியப்பில்லை.

மூலம் எது என்ற கேள்வி பயன் தராதபோது வேறு கேள்வி வேண்டும். இக்கதையைச் சொன்ன எவரும் மாற்றாமல் விட்ட பகுதிகள் சில உண்டு. கணவன் கோவலன் மாதவி என்பவளோடு வாழ்ந்து பொருளிழந்து மீளுகிறான், ஒற்றைச் சிலம்பை விற்கப் போகிறான், பொற்கொல்லன் பொய் சொல்லுகிறான், அரசன் ஆராயாமல் ஆணையிடுகிறான், அவள் சிலம்போடு அரசவைக்கு வருகிறாள், நகரம் எரிகிறது. இவை எங்கும் நிலைத்திருக்கின்றன. மாறுபடுவன இரண்டு: எரிப்பதற்கு முன் அவள் யார் என்பது ஒன்று, எரித்த பிறகு அவளுடைய சினம் எங்கே போயிற்று என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே முக்கியமானதென்று நான் கருதுகிறேன். ஏனென்றால், நியாயமான கோபத்தைக் கொண்ட ஒருத்தியை ஒரு சமூகம் எங்கே வைக்கிறது, என்ன செய்கிறது என்பதில்தான் அந்தச் சமூகத்தின் இருதயம் வெளிப்படுகிறது. அந்த ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் இளங்கோவடிகள். அரண்மனை வாயிலில் கண்ணகி வந்து நிற்கும்போது, வாயில் காப்போன் உள்ளே ஓடிச்சென்று அரசனிடம் அவளுடைய தோற்றத்தை விவரிக்கிறான். கொற்றவையோ என்றால் அவளல்லள், பிடாரியோ என்றால் அவளல்லள், காளியோ என்றால் அவளும் அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாகச் சொல்லி மறுத்துவிட்டு, கணவனை இழந்தவள் கையில் சிலம்போடு நிற்கிறாள் என்று முடிக்கிறான். அச்சத்தில் உளறும் ஒரு காவற்காரனின் வாயில் வைத்து, இவள் மானிடப் பெண்ணே என்ற தம் சித்தாந்தத்தை அடிகள் நிலைநாட்டிவிடுகிறார். அதன்பின் நடக்கும் வழக்கில், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்ற ஒரே சாட்சியத்தில் நீதி வெளியாகிறது; தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு பாண்டியன் உயிர் துறக்கிறான். வழக்கு அங்கே தீர்ந்துவிட்டது. ஆனால் சினம் தீரவில்லை. நீதி கிடைத்த பிறகும் தீராமல் நிற்கிற சினத்தைத்தான் அடிகள் தம் காவியத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் பின்தொடர்ந்து செல்கிறார்.

எப்படிப் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தை ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே செல்லுமாறு தீக்கடவுளுக்கு அவளே ஆணையிடுகிறாள். எரியும் கோபத்துக்கும் எல்லை வகுக்கப்படுகிறது. பிறகு மதுராபதித் தெய்வம் வருகிறது. அவள் முன்னே வரத் துணியாமல் பின்புறமாக வந்து நின்று, கோவலன் முற்பிறப்பிலே சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் எடுத்துச் சொல்லி, ஊழ்வினையின் கணக்கை விளக்குகிறது. அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் கண்ணகி சமாதானம் அடைந்தாளில்லை. கொற்றவை கோயில் வாயிலில் தன் வளையை உடைத்துவிட்டு, பகலென்றும் இரவென்றும் பாராமல் வையைக் கரையோடு மேற்கு நோக்கி நடக்கிறாள். பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்து வேங்கை நிழலில் கணவனைக் கண்டு, அவனோடு வானவூர்தி ஏறுகிறாள். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கனகவிசயர் முடிமேல் ஏற்றிக் கொணர்ந்து கோயில் எடுக்கிறான். இலங்கைக் கயவாகு மன்னன் வந்து வணங்குகிறான். அந்தக் கோயிலில் தெய்வ வடிவில் தோன்றிய கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவனுடைய மகள் என்றும் சொல்லும்போதுதான், அடிகளின் கதையில் சினம் உண்மையாகவே ஆறுகிறது. தன் கணவனைக் கொன்றவனுக்குத் தன்னை மகளாக்கிக்கொள்கிற அந்தப் பெருந்தன்மையைச் சொல்வதற்காகவே வஞ்சிக் காண்டம் முழுவதும் எழுந்தது என்று சொன்னாலும் மிகையாகாது. தர்மம் சினத்தை விழுங்கித் தெய்வமாக்குகிறது. அதுவே துறவியாகிய கவி கண்ட முடிவு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழையின்றி வறுமையும் நோயும் மிகுந்தன என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுப் பத்தினிக்கு விழாவெடுக்க மழை பெய்தது என்றும் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரவர் உயிர். தீயோரை மட்டும் எரிக்கச் சொன்ன கண்ணகியின் நீதிக்கும், குலம் பார்த்துக் கொன்ற இந்த அரசநீதிக்கும் எவ்வளவு தூரம்! பின்வந்த கதைகளில் பலவும் அந்தப் பொற்கொல்லனை இன்னும் கரிய நிறத்தில் தீட்டி, ஒரு தொழிற்குலத்தின் மேல் பழியை நிலைக்கச் செய்துவிட்டன. மறுகூற்று என்பது எப்போதும் விடுதலையே தரும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கதை கைமாறும்போது அழகு வளர்வதுபோல் அநியாயமும் வளரக்கூடும்.

இனி, காவியம் அறியாத ஜனங்கள் பாடிய கதைக்கு வருவோம். சாமிநாதையர் இந்த ஊர்களில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சிலப்பதிகாரம் சில வித்துவான்களின் வீட்டு ஏடுகளில் உறங்கிக்கொண்டிருந்தது; ஆனால் கோவலன் கதை நாடெங்கும் விழித்துக்கொண்டிருந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அம்மானைப் பாட்டாகவும், கூத்தாகவும் அதைக் கேட்டறியாத கிராமமே இல்லை எனலாம். அந்தக் கதையில் அவள் பெயர் கர்ணகி. பாண்டியன்மேல் காளிக்கு ஏற்பட்ட பகையைத் தீர்ப்பதற்காகக் காளியே பாண்டியன் மகளாக வந்து பிறக்கிறாள். இக்குழந்தையால் மதுரை அழியும் என்று சோதிடர் கூறியதால் பேழையில் வைத்து ஆற்றில் விடப்படுகிறாள். அந்தப் பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் சேருகிறது. இளங்கோவின் வாயில் காப்போன் அல்லள் அல்லள் என்று எதை மறுத்தானோ, அதையே இந்தக் கதை ஆம் ஆம் என்று அடித்துச் சொல்கிறது. அதைவிட ஆச்சரியம், நான் பாண்டியன் மகள் என்று காவியக் கண்ணகி சாந்தமாகச் சொன்ன வார்த்தை, இங்கே பிறப்புக் கதையாகவே மாறி, தகப்பனைப் பழிவாங்க வந்த மகளாக அவளை ஆக்கிவிட்டது. மன்னிப்பின் சொல் பகையின் வித்தாயிற்று. பாடியவன் காவியத்தைக் கேட்டறிந்து இப்படித் திருப்பினானா, இரண்டும் ஒரே பழைய ஊற்றிலிருந்து தனித்தனியே புறப்பட்டனவா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும், விளைவு ஒன்றுதான். அம்மானையில் சினம் ஆற வேண்டிய அவசியமே இல்லை. அது அவதார காரியம். வந்த வேலை முடிந்தது, காளி தன் நிலைக்குத் திரும்பினாள்.

இதனால் இழப்பும் உண்டு, லாபமும் உண்டு. இழப்பு, மாதவியினுடையது. காவியத்து மாதவி ஆடலும் பாடலும் அழகும் நிறைந்தவள், கானல் வரியில் ஊடலாகத் தொடங்கியது பிரிவாக முடிந்ததை எண்ணி வருந்தியவள், கோவலன் இறந்தது கேட்டுத் துறவு பூண்டவள், மகள் மணிமேகலையைத் தர்மத்தின் வழியில் செலுத்தியவள். அவளுக்கு நேர்ந்ததைத் தொடர்ந்து சொல்வதற்காகச் சாத்தனார் தனிக்காவியமே இயற்றினார். அம்மானையிலோ அவள் பொருள் பறிக்கும் தாசியாகிவிடுகிறாள். நல்லவள், கெட்டவள் என்று பெண்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினால்தான் இரவுக் கூத்தில் ரசம் ஏறும் என்று பாடியவர் நினைத்தார் போலும். லாபமோ, கண்ணகியின் பேராற்றல். ஊழ்வினை உருத்து வந்தது என்ற தத்துவம் கழனியில் உழைத்துக் களைத்தவனுக்கு ஆறுதல் தராது. அரசன் அநியாயம் செய்தால் அவன் வீட்டிலேயே காளி வந்து பிறப்பாள் என்பது அவனுக்கு வேண்டிய உறுதிமொழி.

நாடக மேடை இந்தக் கதையை விடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் சரித்திரம் தமிழ்நாட்டு மேடைகளில் இரவு இரவாக நடந்தது. பிறகு சினிமா. ஜூபிடர் நிறுவனத்தார் 1942இல் எடுத்த கண்ணகி படத்தில் பி. யு. சின்னப்பா கோவலனாகவும், பி. கண்ணாம்பா கண்ணகியாகவும் நடித்தார்கள். இளங்கோவன் எழுதிய வசனத்தைக் கண்ணாம்பா பேசிய வேகம் பெரும் பிரசித்தி பெற்றது. 1964இல் வெளிவந்த பூம்புகார் படத்துக்குக் கலைஞர் மு. கருணாநிதி வசனம் தீட்ட, பி. நீலகண்டன் இயக்க, எஸ். எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் நடித்தனர். கவுந்தியடிகளாகத் தோன்றியவர் கே. பி. சுந்தராம்பாள். இவ்விரு படங்களுக்கும் இடையில் பெரிய அபிப்பிராய பேதங்கள் உண்டென்றாலும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் கதையின் சிகரம் அரசவையில்தான். கண்ணகி பேசுகிறாள், அரசன் தலை குனிகிறான். பாரதிதாசன் 1962இல் வெளியிட்ட கண்ணகி புரட்சிக் காப்பியமும் தெய்வச் செயல்களை நீக்கிவிட்டு, அநீதியை எதிர்த்த மானிடப் பெண்ணாகவே அவளை நிறுத்தியது.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது எழுப்பப்பட்ட சிலையைப் பாருங்கள்: ஒரு கையில் சிலம்பு, மற்றொரு கை நீட்டிக் குற்றம் சாட்டுகிறது. வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியை அல்ல, கோயில் கொண்ட பத்தினியை அல்ல, வழக்காடிய கண்ணகியையே இருபதாம் நூற்றாண்டு தேர்ந்துகொண்டது. அந்தச் சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியும், 2006இல் அது மீண்டும் நிறுவப்பட்டதும் நாம் அறிந்தவையே. குடியரசு யுகத்தில் கண்ணகியின் சினம் அடங்கக் கூடாது; அது எப்போதும் வழக்காடிக்கொண்டே நிற்க வேண்டும். இது நம் காலத்தின் மறுகூற்று. இதற்கு ஒரு மகத்துவம் உண்டு, ஒரு குறையும் உண்டு. வழக்கில் வென்ற பிறகு அந்தப் பெண் எங்கே போய்ப் படுத்தாள், யார் அவளுக்குச் சோறிட்டார்கள் என்ற கேள்வி இதில் எழுவதேயில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கடற்கரையோர மக்களும் காட்டோர மக்களும்தான். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி கோயிலில், மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் நோக்கிச் சென்ற கண்ணகி அங்கே தங்கினாள் என்பது ஐதிகம். பொங்கல் திருவிழாவில் தோற்றம் பாட்டாக அவள் சரிதம் பாடப்பட்டு, பாண்டியன் வதம் வந்து முடிந்ததும் அடுப்பு மூட்டுகிறார்கள்; லக்ஷக்கணக்கான பெண்கள் அந்தத் தீயில் பொங்கலிடுகிறார்கள். நகரத்தை எரித்த தீ சோறாக்கும் தீயாகிறது.

ஈழத்து வழக்குகளில் அவள் மாங்கனியிலிருந்து தோன்றியவள். சிங்களவர் அவளைப் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர் வைகாசி மாதத்தில் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைப் படித்து, இறுதியில் குளிர்த்தி என்ற சடங்கைச் செய்கிறார்கள். கொதித்து வந்தவளைக் குளிரச்செய்வதே அதன் முழு நோக்கம். முல்லைத்தீவை அடுத்த வற்றாப்பளையில் அவள் ஒரு கிழவியாக வந்து, மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் பொங்கிப் படைக்கச் சொன்னாள் என்றும், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்ற அவர்களைக் கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள் என்றும் கூறுவர். வைகாசி விசாகத்தை ஒட்டிய பொங்கலில் இன்றும் உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இளங்கோவின் வழிப்படி கோவலனும் கண்ணகியும் பூம்புகாரிலிருந்து காவிரியின் வடகரையோடு நடந்து, திருவரங்கத்தருகே ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூர் கடந்து, கொடும்பாளூர் வழியாக மதுரை சென்றார்கள். அதாவது இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லைக்குச் சற்றுத் தெற்கே காவியம் நடந்து போய்விடுகிறது. இந்தப் பக்கம் அது திரும்பிப் பார்க்கவும் இல்லை. எரித்த பிறகு அவள் நடந்ததோ மேற்குத் திசையில். சிறுவாச்சூர் மதுரைக்கு வடகிழக்கில் இருக்கிறது. காவியத்தின் திசைக்கு இவ்வளவு முரணாக ஒரு கதை இங்கே நிலைத்திருக்கிறதென்றால், அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் திசையைவிட முக்கியமான ஏதோ ஒரு தேவை இருந்திருக்க வேண்டும்.

மதுரகாளியம்மன் கோயிலைப் பற்றி இங்கு வழங்கும் கதை இது: மதுரையை எரித்த பிறகும் மனம் அமைதி பெறாத கண்ணகி அலைந்து வந்து இரவு தங்க இடம் கேட்டாள். அப்போது இவ்வூரில் கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன். அவளையோ மந்திரவாதி ஒருவன் தன் மந்திர சக்தியால் கட்டி ஏவல் கொண்டுவந்தான். இடம் கேட்டவளிடம் செல்லியம்மன் தன் துன்பத்தைச் சொல்ல, வந்தவள் அந்த மந்திரவாதியை அழித்து அவளை விடுவித்தாள். நன்றி கொண்ட செல்லியம்மன், இந்த இடத்தில் இனி நீயே இரு என்று சொல்லிப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். ஆயினும் முதல் மரியாதை தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அதனால் இங்கே தீபாராதனை மலையிருக்கும் திசையை நோக்கி முதலில் காட்டப்பட்டு, அதன் பிறகே அம்மனுக்குக் காட்டப்படுகிறது. கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் திறந்திருப்பதற்கும், மற்ற நாட்களில் அம்மன் மலையிலே செல்லியம்மனோடு இருக்கிறாள் என்று காரணம் சொல்வர். வந்திருக்கும் பெண்கள் கோயிலிலேயே அரிசியை உரலிலிட்டு இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்கேற்றுவது இங்கே விசேஷமான பிரார்த்தனை. உக்கிரமான பெயரைத் தாங்கியிருந்தாலும் அம்மன் இங்கே சாந்த ஸ்வரூபி என்றே பக்தர்கள் சொல்லுவார்கள்.

இந்தச் சிறு கதையை நாம் கொண்டுவந்த கேள்வியின் முன் நிறுத்துங்கள். இளங்கோ அவளுடைய சினத்தை ஊழ்வினை விளக்கத்தாலும் விண்ணுலகாலும் அரசனின் கோயிலாலும் ஆற்றினார். அம்மானை அதை அவதார காரியமாக்கி முடித்துவிட்டது. சினிமாவும் சிலையும் அதை ஆறவிடாமல் அவையிலேயே நிறுத்தின. ஈழத்தார் நீராலும் பொங்கலாலும் குளிரவைத்தார்கள். சிறுவாச்சூரில் நடந்தது வேறு. இங்கே அவளுக்கு யாரும் தத்துவம் சொல்லவில்லை. யாரும் அவளைக் குளிப்பாட்டவில்லை. தன்னைப்போல் அடக்குமுறைக்கு உட்பட்ட இன்னொரு பெண்ணை அவள் சந்திக்கிறாள். அவளுடைய குறையைக் கேட்கிறாள். தன் துயரத்துக்காக எழுந்த அதே சினத்தை மற்றொருத்தியின் விடுதலைக்காகச் செலவிடுகிறாள். செலவிட்ட பின் சாந்தமாகிறாள். அப்படிச் சாந்தமானவள், தனக்கு இடம் தந்தவளின் முதல் மரியாதையை ஒவ்வொரு பூஜையிலும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு நகரத்தை எரித்த கோபத்துக்கு இதைவிட நாகரிகமான முடிவை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பண்டிதர்கள் இதை ஆட்சேபிக்கலாம். பழைய காளி வழிபாடு ஒன்றின்மேல் பின்னாளில் கண்ணகி கதை ஏற்றப்பட்டிருக்கலாம்; செல்லியம்மனும் காளியும் இரண்டு குடிகளின் தெய்வங்களாக இருந்து ஓர் உடன்படிக்கைக்கு வந்த வரலாறே இப்படிக் கதையாயிற்று எனலாம். இருக்கலாம், அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதை எப்படி வந்தது என்பது சரித்திரக்காரருடைய கேள்வி. வந்த கதை என்ன சொல்கிறது என்பது இலக்கியக்காரருடைய கேள்வி. ஏற்றியவர்கள் நல்லதங்காள் கதையையோ திரௌபதி கதையையோ ஏற்றாமல் கண்ணகி கதையை ஏற்றினார்கள் என்பதும், ஏற்றும்போது காவியத்தில் இல்லாத இந்தத் தோழமையைச் சேர்த்தார்கள் என்பதும் தற்செயலல்ல. ஜெயமோகன் 2005இல் வெளியிட்ட கொற்றவை நாவல், கண்ணகிக்குப் பின்னே நிற்கும் தொல்பழந்தாய் வழிபாட்டைத் தேடிப் போகிறது. எழுத்தாளர் நூல்களில் தேடியதைச் சிறுவாச்சூர்க் குடியானவர்கள் எந்த நூலும் படிக்காமல் பூஜை முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காவிய நயம், சொல்லழகு, பாத்திர அமைப்பு ஆகியவற்றில் இளங்கோவடிகளுக்கு இணையாக இக்கதையைச் சொன்னவர் எவருமில்லை. மாதவிக்கு அவர் செய்த நீதியை வேறு எவரும் செய்யவில்லை. அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கண்ணகியின் சினத்துக்கு வழி சொல்வதில், சேரன் எடுத்த கற்கோயிலைவிடச் சிறுவாச்சூரின் முடிவே உயர்ந்தது என்பது என் துணிபு. மறுகூற்றை மூலத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பதைவிட, மூலம் விட்டுச்சென்ற கேள்விக்கு அது விடை தருகிறதா என்று அளப்பதே முறை. இந்த அளவுகோலால் அளந்தால் பெரிய நூல்கள் சில சிறுத்துப் போகும். பெயர் தெரியாத பூசாரிகளும் பாட்டிமார்களும் கவிகளாக உயர்வார்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்து என் உரையை முடித்துக்கொள்கிறேன். சாமிநாதையர் ஏடுகளைத் தேடி அலைந்திராவிட்டால் சிலப்பதிகாரம் செல்லுக்கு இரையாகியிருக்கும். வாய்மொழிக் கதைகளுக்கு வரும் செல், மறதி. மதுரகாளியம்மன் கதையை நான் இன்று சொன்ன விதம் ஒன்று. குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் உடையார்பாளையத்திலும் உள்ள முதியவர்கள் வேறு வேறு விதமாகச் சொல்லக்கூடும். கூத்துக் கலைஞர்களிடம் கோவலன் கதையின் பாட்டுகள் இருக்கக்கூடும். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அவற்றைச் சொன்னவர் சொன்னபடியே, நம் ரசனைக்கு ஏற்பத் திருத்தாமல், எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைக்க வேண்டும். எழுதும்போது ஒரு கையில் சிலப்பதிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் படிக்காமல் மற்றொன்றின் பெருமை தெரியாது.